தெரிந்தால்தானே தெரிவு

"நாங்கள் எதையும் திணிக்கவில்லை, அவள் விருப்பம்தான்." ஜெர்மனியில் வாழும் தமிழ்ப் பெற்றோரிடம் இந்த வாக்கியத்தை இப்போது அடிக்கடி கேட்கலாம். ஆபிட்டூர் எழுதப்போகும் மகள் அடுத்து என்ன படிக்கப்போகிறாள் என்று விசாரித்தால் முதலில் பாடத்தின் பெயர் வரும், பின்னாலேயே இந்த வாக்கியம் வரும். மகள் என்றால் மருத்துவம், மருந்தியல், உளவியல், ஆசிரியப் பயிற்சி, சட்டம், கொஞ்சம் வணிக நிர்வாகம். மகன் என்றால் இன்ஃபர்மாட்டிக், இயந்திரப் பொறியியல், அல்லது கார்ல்ஸ்ரூஹேக்குப் பெயர் வாங்கித் தந்த விர்ட்ஷாஃப்ட்ஸ் இன்ஜினியர் படிப்பு. ஃபௌ-வே-எல் என்று இங்கே சுருக்கிச் சொல்லப்படும் பொருளியல், நான் பழகும் வீடுகளில் பெண் பிள்ளைகளின் பட்டியலில் வருவதே இல்லை.

இது தமிழ் வீடுகளின் தனிக் கதை அல்ல. அமெரிக்கக் கல்லூரிகளை ஆராய்ந்த கிளாடியா கோல்டின், பொருளியலை முதன்மைப் பாடமாக எடுக்கும் ஒரு மாணவிக்கு ஏறத்தாழ மூன்று மாணவர்கள் இருப்பதையும், இந்த விகிதம் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்பதையும் காட்டினார். அதே கோல்டின் 2023ல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். 1969ல் தொடங்கிய அந்தப் பரிசை அவருக்கு முன் வாங்கிய பெண்கள் இருவர்தான்: 2009ல் எலினோர் ஆஸ்ட்ரம், 2019ல் எஸ்தர் டுஃப்லோ.

இதில் என்ன பிரச்சினை என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். யாரும் தடுக்கவில்லை, கதவு திறந்திருக்கிறது, அவள் வேறு கதவு வழியாகப் போகிறாள். மருத்துவம் படிக்கும் பெண்ணைப் பார்த்து "நீ ஏன் பொருளியல் படிக்கவில்லை?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா? ஒருத்தி தன் விருப்பம் என்று சொன்ன பிறகு அந்த விருப்பத்தைச் சந்தேகிக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை? இந்தக் கட்டுரை அந்த உரிமையைப் பற்றியது.

*

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேள்விக்கு மிக எளிதான பதிலைத் தந்தது பொருளியல்தான். 1938ல் பால் சாமுவேல்சன் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒருவர் மனத்துக்குள் நுழைந்து அவருக்கு எது பிடிக்கும் என்று பார்க்க முடியாது. ஆனால் அவர் எதை எடுத்தார் என்று பார்க்க முடியும். இட்லியும் பொங்கலும் ஒரே விலையில் இருக்கும்போது ஒருவர் பொங்கல் வாங்கினால், அவருக்கு இட்லியைவிடப் பொங்கல் மேல் என்று எழுதிக்கொள்ளலாம். வெளிப்பட்ட விருப்பம் என்று இதற்குப் பெயர். வாங்கும்போது முகம் சுளித்தாரா, கூட வந்தவர் கண்ணைக் காட்டினாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. இந்தக் கணக்கைப் பொருளியலுக்கே போட்டுப் பார்த்தால், பெண்கள் அதை எடுக்கவில்லை, ஆகவே பிடிக்கவில்லை என்று முடியும். விசாரணை அதோடு சரி.

இப்படி முடித்துவிடக் கூடாது என்று சொன்னவர்களும் அந்தத் துறைக்குள்ளேயே இருந்தார்கள். அமர்த்தியா சென் 1977ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில், தெரிவையும் விருப்பத்தையும் நலனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் மனிதச் சித்திரத்தைப் 'பகுத்தறிவுள்ள மூடர்கள்' என்று அழைத்தார். நீண்ட காலம் கிடைக்காமல் இருந்தவர்கள் ஆசையையே சிறிதாக்கிக்கொள்ளப் பழகுகிறார்கள் என்று பின்னாளில் பல இடங்களில் எழுதினார். ஒரு கிராமத்து விதவை தனக்குக் குறை ஒன்றும் இல்லை என்று சொன்னால், அதை அவள் நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1869ல், ஜான் ஸ்டூவர்ட் மில் பெண்களின் இயல்பு என்று நாம் அழைப்பது செயற்கையாக வளர்க்கப்பட்ட ஒன்று என்று வாதிட்டார். மில்லும் தம் காலத்தின் முதன்மையான பொருளியலாளர்.

ஆனால் இந்த வாதத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. எந்தப் பெண் எதைச் சொன்னாலும் "உன்னைச் சமூகம் அப்படிப் பழக்கிவிட்டது" என்று பதில் சொல்ல முடியுமானால், அவள் வாய்க்கு மதிப்பே இல்லாமல் போகும். அப்பா சொல்வதைக் கேள் என்பதற்கும் ஆய்வாளர் சொல்வதைக் கேள் என்பதற்கும் அப்போது பெரிய வித்தியாசம் இருக்காது. ஆகவே ஒரு விருப்பத்தைச் சந்தேகிக்க வேண்டுமென்றால் அதற்கு வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும். மூன்று வகையில் உரசிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இடத்தை மாற்றிப் பார்ப்பது, காலத்தை மாற்றிப் பார்ப்பது, இடமும் காலமும் அப்படியே இருக்க ஒரே ஒரு சிறு விஷயத்தை மாற்றிப் பார்ப்பது.

*

முதலில் இடம். தமிழ்நாட்டில் பொருளியல் ஆண்களின் பாடம் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். பி.ஏ. எக்கனாமிக்ஸ் என்பது பெண்கள் கல்லூரிகளில் வெகுகாலமாக இருந்துவரும் படிப்பு. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் திருச்சி சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரியில் பொருளியல் இளங்கலை படித்து, டில்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அதே பாடத்தில் முதுகலை முடித்து, 2019ல் இந்தியாவின் முழுநேர நிதியமைச்சரான முதல் பெண் ஆனார். அவர் அரசியலோடு நாம் உடன்படுவதும் படாததும் வேறு விஷயம். திருச்சியில் ஒரு பெண் பொருளியல் படிக்கச் சேர்ந்ததை யாரும் விநோதமாகப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதே இங்கே செய்தி.

இதைப் பெண் விடுதலையின் வெற்றி என்று கொண்டாட வேண்டாம். பல வீடுகளில் கணக்கு வேறாக இருந்தது. பையனை என்ஜினியரிங் அனுப்பக் கடன் வாங்குவார்கள். பெண்ணுக்கு, பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவரக்கூடிய ஆர்ட்ஸ் காலேஜில் ஒரு டிகிரி. அங்கே எந்தப் பாடத்தில் இடம் கிடைக்கிறதோ அது. அப்படிக் கிடைத்த பாடங்களில் ஒன்று பொருளியல். அதாவது ஜெர்மனியில் 'கணக்கு நிறைய, போட்டி நிறைய, ஆண்கள் நிறைய' என்று ஒதுங்கவைக்கும் அதே பாடம், திருநெல்வேலியில் 'கலைப் பிரிவு, பெண் பிள்ளைக்குப் போதும்' என்று உள்ளே இழுத்தது. தேவையும் வழங்கலும் வெட்டிக்கொள்ளும் அந்த வரைபடம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

என் துறையிலும் இதையே பார்த்தேன். திருநெல்வேலிப் பக்கம் நான் பி.இ. படித்த கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் பாதிக்குமேல் பெண்கள். மெக்கானிக்கலில் விரல்விட்டு எண்ணலாம். காரணமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஏசி அறையில் உட்கார்ந்து செய்கிற வேலை, வெயிலில் அலைய வேண்டாம், பட்டறை இல்லை. 2005ல் முதுகலைக்குக் கார்ல்ஸ்ரூஹே வந்தபோது அதே பாடத்தின் வகுப்பில் நானும் இன்னும் சிலரும் மட்டும். ஜெர்மனியில் முதன்முதலாக 1972ல் இன்ஃபர்மாட்டிக்குக்கென்று தனிப் புலம் தொடங்கிய ஊர் இது. இங்கே வளர்ந்த பெண்கள் கணினி அறிவியலை வறண்ட, தனிமையான, ஆண்களுக்கான வேலை என்று நினைத்தார்கள். நான் வளர்ந்த ஊர் அதைப் பாதுகாப்பான, கௌரவமான, பெண்ணுக்குப் பொருத்தமான வேலை என்று நினைத்தது. இரண்டு பக்கமும் "எனக்கு இதுதான் பிடித்தது" என்று மனதாரச் சொன்னோம்.

*

அடுத்து காலம். இதற்கு இந்த ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை.

ஜெர்மனியில் பெண்களுக்கான முதல் கிம்னாசியம் 1893ல் கார்ல்ஸ்ரூஹேயில் திறக்கப்பட்டது. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அளவுக்குப் பெண்களுக்குக் கல்வி தர வேண்டும் என்று போராடிய ஹெட்விக் கெட்லரின் சங்கம் எடுத்த முயற்சி அது. 1899ல் அங்கிருந்து முதல் மாணவிகள் ஆபிட்டூர் எழுதி வெளியே வந்தார்கள். மறு ஆண்டே, 1900ல், பெண்களை ஆண்களுக்குச் சமமாகப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்ட முதல் ஜெர்மன் மாநிலமானது பாடன். பிரஷ்யா இதைச் செய்ய 1908 ஆனது. அந்த முதல் வகுப்பில் இருந்த ராகேல் கோய்டைன், பின்னாளில் ராகேல் ஸ்ட்ராவுஸ், ஹைடல்பெர்க்கில் மருத்துவம் படித்தார்.

அந்தத் தலைமுறைப் பெண்கள் பொருளியலிலிருந்து ஒதுங்கி நிற்கவில்லை. எல்ஸ ஃபொன் ரிஷ்ட்ஹோஃபன் ஹைடல்பெர்க்கில் மாக்ஸ் வேபரிடம் பொருளியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தவர். 1900ல் அவர் கார்ல்ஸ்ரூஹேக்கு பாடன் மாநிலத்தின் முதல் பெண் தொழிற்சாலை ஆய்வாளராக வந்தார். ஆலைகளில் பெண்கள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், என்ன கூலி, எப்படிப்பட்ட அறை என்று நேரில் போய்ப் பார்ப்பது அவர் வேலை. அவருக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த மரீ பௌம், வேதியியல் படித்தவர், 1906ல் கார்ல்ஸ்ரூஹே நகரின் தொழிலிலும் வணிகத்திலும் கூலிவேலை செய்யும் பெண்களின் மூன்று பிரிவுகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அதே 1906ல் பெர்லினில் ஆலிஸ் சாலமோன், ஆணின் உழைப்புக்கும் பெண்ணின் உழைப்புக்கும் கூலி ஏன் வேறுபடுகிறது என்ற கேள்வியோடு முனைவரானார். இங்கிருந்து ரயிலில் அதிக தூரம் இல்லாத மான்ஹைமில், வணிகக் கல்லூரியில் 1908ல் கற்பிக்கத் தொடங்கிய எலிசபெத் ஆல்ட்மன் கோட்ஹைனர் ஜெர்மன் உயர்கல்வியின் முதல் பெண் விரிவுரையாளர் என்று அறியப்படுகிறார். அவர் துறையும் பொருளியல்தான்.

அவர்களை இழுத்தது எது என்று ஊகிப்பது கடினமல்ல. அந்தப் பாடம் அப்போது அவர்கள் கண்முன் இருந்த கேள்விகளைக் கேட்டது. கூலி, பசி, வேலை நேரம், வாடகை, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது. இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டுமானால் பொருளியல் படிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? 1908ல் சாலமோன் பெர்லினில் பெண்களுக்கான சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். அது நல்ல காரியம். ஆனால் காலப்போக்கில் ஒரே மரம் இரண்டாகப் பிளந்ததுபோல ஆயிற்று. ஏழை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது பெண்களின் சமூகப் பணி ஆனது. ஏழ்மை ஏன் வருகிறது என்று கணக்கிடுவது ஆண்களின் பொருளியல் ஆனது. எக்கனாமிக்ஸ் என்ற சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கு வீட்டை நிர்வகித்தல் என்று பொருள். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளியில் மனையியல் என்று ஒரு பாடம் உண்டு; நேர்ப்பொருளில் இதுவும் அதுவும் ஒன்றே. மனையியல் மாணவிகளுக்கென்றே ஒதுங்கிப்போனதும், பொருளியலில் மனையே காணாமல் போனதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசியலும் சேர்ந்துகொண்டது. 1933ல் நாஜிகள் மாணவிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். ராகேல் ஸ்ட்ராவுஸ் அந்த ஆண்டு பாலஸ்தீனத்துக்குப் போனார். சாலமோனை 1937ல் நாட்டைவிட்டு விரட்டினார்கள். போர் முடிந்து புதிய அரசியல் சட்டம் ஆணும் பெண்ணும் சமம் என்று எழுதிய பிறகும், பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஒத்துப்போகாவிட்டால் தகப்பன் சொல்லே முடிவு என்று குடும்பச் சட்டம் சொன்னது. மகள் மேலே படிக்கலாமா என்பதும் அதில் அடங்கும். கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் அரசியல் சட்ட நீதிமன்றம் 1959 ஜூலையில் அதைச் செல்லாது என்றது. குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கே மனைவி வேலைக்குப் போகலாம் என்ற விதி 1977 வரை நீடித்தது. பொருளாதார விஷயத்தில் அரசுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவை இங்கே 'ஐந்து ஞானிகள்' என்று செல்லமாக அழைப்பார்கள். 1963ல் தோன்றிய அந்தக் குழுவில் முதல் பெண்ணாக பெயாட்ரிஸ் வேடர் டி மௌரோ நுழைந்தது 2004ல். 2022ல் மோனிகா ஷ்னிட்சர் தலைமையில் ஐவரில் மூவர் பெண்கள். தொடக்கத்தில் இருந்த பெண்கள் நடுவில் இல்லாமல் போய், இப்போது திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். பெண்களின் உள்ளியல்பு நூறு ஆண்டுகளில் இரண்டு முறை மாறியிருக்கும் என்று நம்புவது கடினம்.

*

மூன்றாவது உரைகல்லை டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கேத்தரின் போர்ட்டர், டானிலா செர்ரா என்ற இரு பொருளியலாளர்கள் டாலஸ் நகரில் உள்ள சதர்ன் மெத்தடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பொருளியல் அறிமுக வகுப்புகள் சிலவற்றுக்கு, அதே துறையில் படித்து நல்ல நிலைக்கு வந்த இரண்டு முன்னாள் மாணவிகளை வரவழைத்துச் சிறிது நேரம் தங்கள் வேலையைப் பற்றிப் பேசவைத்தார்கள். மற்ற வகுப்புகளுக்கு யாரும் வரவில்லை. பாடத்திட்டமும் தேர்வும் அப்படியே இருந்தன. சாதாரணமாக அந்த வகுப்பு மாணவிகளில் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில் பொருளியலை முதன்மைப் பாடமாக எடுப்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட வகுப்புகளில் அதோடு இன்னும் எட்டுப் பேர் சேர்ந்தார்கள். மாணவர்களிடம் மாற்றம் ஒன்றும் இல்லை. 2020ல் இந்த ஆய்வு வெளியானது.

ஒரு மணி நேரம்கூட நீடிக்காத பேச்சு ஒரு விருப்பத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க முடியுமானால், அந்த விருப்பம் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டிருந்தது? அந்தப் பெண்களுக்கு யாரும் புதிய ஆசையை ஊட்டவில்லை. கண்ணில் படாமல் இருந்த ஒன்றைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

கோல்டின் கவனித்த இன்னொரு விஷயமும் நம் வீடுகளுக்குப் பொருந்தும். அறிமுக வகுப்பில் ஏ வாங்கிய மாணவியும் மாணவனும் தொடர்வதில் பெரிய வேறுபாடு இல்லை. பி வந்துவிட்டால் மாணவன் தொடர்கிறான், மாணவி விலகுகிறாள். மதிப்பெண்ணைக் கடவுளின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளும் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நல்லபடி படிக்கும் பெண் என்று பெயர் எடுத்தவளுக்கு அந்தப் பெயர் கெடாத இடத்திலேயே இருந்துவிடத் தோன்றுகிறது.

எலினோர் ஆஸ்ட்ரமின் கதை இதன் கடுமையான வடிவம். பள்ளியில் முக்கோணவியல் படிக்க வேண்டாம் என்று அவரைத் திருப்பிவிட்டார்கள், பெண்ணுக்கு அது எதற்கு என்று. பின்னர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பொருளியல் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது, கணிதம் போதாது என்று மறுத்தார்கள். அவர் அரசியல் அறிவியலுக்குப் போனார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் நிலத்தடி நீரை மக்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தார். பிறகு நேபாளத்துப் பாசன வாய்க்கால்கள் வரை போனார். பொதுச் சொத்தை அரசும் சந்தையும் இல்லாமல் ஊரே கட்டிக்காக்க முடியும் என்று காட்டினார். ஏரியைக் குடிமராமத்து செய்த ஊர்களிலிருந்து வந்த நமக்கு அது புதிய செய்தி அல்ல. பொருளியலுக்கு அது நோபல் பரிசு கொடுக்கும் அளவுக்குப் புதிய செய்தியாக இருந்தது. அன்று புள்ளிவிவரத்தில் அவர் பொருளியல் படிக்காத இன்னொரு பெண்ணாகத்தான் பதிவாகியிருப்பார். 'விருப்பம்' என்ற கட்டத்தில்.

*

எதிர்வாதம் வலுவானது, அதை ஒதுக்கிவிட முடியாது. 2018ல் ஸ்டோட், கியரி என்ற இரு உளவியலாளர்கள், ஆண் பெண் சமத்துவம் கூடுதலாக உள்ள நாடுகளில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் பெண்களின் பங்கு குறைவாக இருக்கிறது என்று எழுதினார்கள். பணக் கவலை இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைச் செய்கிறார்கள், பிடித்தது வேறுபடுகிறது என்பது சாரம். கணக்கிட்ட முறை பற்றி விவாதம் எழுந்து திருத்தமும் வெளியிட நேர்ந்தது. ஆனால் அந்தக் கவனிப்பை முழுக்கப் பொய் என்று சொல்ல என்னால் முடியாது. திருநெல்வேலி வகுப்பையும் கார்ல்ஸ்ரூஹே வகுப்பையும் பார்த்தவள் நான்.

என் அனுபவத்தில் அதற்கு விளக்கம் வேறு. ஊரில் எங்களைக் கணினிக்கு அனுப்பியது வறுமையும் கௌரவமும் சேர்ந்த ஒரு கட்டாயம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில் எதுவுமே இல்லை என்று ஆகிவிடாது. அங்கே பழைய படங்கள் உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அன்ரி, பொருளியல் எண்டா பாங்கில வேலை செய்யிறதோ?" அவள் தாய் மாதம் ஒருமுறை சீட்டுக் கூட்டிப் பத்துக் குடும்பங்களின் பணத்தைப் பிசகாமல் கணக்குப் பார்ப்பவர். யார் அவசரத்துக்கு எடுக்கிறார், யார் கழிவைப் பொறுத்துக் கடைசிவரை காத்திருக்கிறார், யாரை நம்பலாம் என்று அவருக்குத் தெரியும். வட்டி, இடர், நம்பிக்கை என்று பொருளியல் பெயர் வைத்திருக்கும் அத்தனையும் அந்தச் சமையலறை மேசைமேல் நடக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அது அம்மாவின் சீட்டு; பொருளியல் என்பது கோட்டுப் போட்ட ஆண்கள் தொலைக்காட்சியில் பேசுவது. சுதந்திரமாகத் தெரிவு செய்யும் அவளிடம் தப்பான விலைப்பட்டியல் இருக்கிறது.

இங்கேதான் நம் உரிமையின் எல்லையும் தெரிகிறது என்று நினைக்கிறேன். அவள் முடிவை மாற்ற நமக்கு உரிமை இல்லை. அந்த முடிவுக்கு முன் அவளுக்குக் காட்டப்பட்டது என்ன என்று விசாரிக்க உரிமை உண்டு. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அது கடமையும்கூட. முதலாவது அவளைச் சந்தேகிப்பது. இரண்டாவது நம்மையும் பாடத்தையும் சந்தேகிப்பது.

*

சரி, அவள் நல்ல மருத்துவராகிவிட்டால் யாருக்கு என்ன நட்டம்? அவளுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாம். நட்டம் மற்றவர்களுக்கு. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்று முடிவு செய்யும் மேசையில் பொருளியல் படித்தவர்கள் உட்கார்கிறார்கள். வீட்டில் சமைத்துப் பிள்ளை வளர்ப்பது நாட்டு வருமானக் கணக்கில் வராது. நியூசிலாந்தின் மரிலின் வேரிங் 1988ல் ஒரு நூல் முழுக்க இதைக் கேள்வி கேட்ட பிறகும் அந்த அடிப்படை மாறவில்லை.

நம் சம்பளச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் திருமணமான தமிழ்த் தம்பதிகளில் பலர் வரி வகுப்பு மூன்றும் ஐந்தும் வைத்திருக்கிறார்கள். கணவர் மூன்று, மனைவி ஐந்து. அவள் பகுதிநேர வேலைக்குப் போய்க் கொண்டுவரும் சம்பளத்தில் பிடித்தம் போக மிஞ்சுவதைப் பார்த்து, "இதுக்குப் போய் ஏன் அலையணும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தச் சிறிய நிகரத் தொகையை வைத்துத்தான் பிள்ளை பிறந்தால் எல்டர்ன்கெல்ட்டும், வேலை போனால் உதவித்தொகையும் கணக்கிடப்படும். இதன் வேரும் இந்த ஊரில் இருக்கிறது. திருமணம் ஆனதற்காகத் தம்பதியர் கூடுதல் வரி கட்ட நேரக் கூடாது என்று 1957ல் கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியை வரியால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் எண்ணத்தையும் அது ஏற்கவில்லை. 1958ல் சட்டம் இயற்றியவர்கள் கொண்டுவந்த தீர்வு, இருவர் வருமானத்தையும் கூட்டிப் பாதியாக்கி வரி போடும் முறை. ஒருவர் நிறையச் சம்பாதித்து மற்றவர் வீட்டில் இருந்தால் அதிக லாபம் தரும் முறை அது. இன்றுவரை தொடர்கிறது. அதைக் கணக்கிட்டவர்களின் அறையில் எத்தனை பெண்கள் இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டமாகத் தொடங்கியது. இதை உதவி என்று அழைக்காமல் உரிமை என்று பெயரிட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம், கூலி இல்லாத அவர்களின் வீட்டு உழைப்பு. 1000 ரூபாய் அந்த உழைப்புக்கு விலையா, வீட்டு வேலை பெண்ணுடையதுதான் என்று முத்திரை குத்துகிறதா, கையில் வரும் அந்தப் பணம் வீட்டுக்குள் அவள் சொல்லின் எடையை மாற்றுகிறதா? நல்ல பொருளியல் கேள்விகள். நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்த சிறுவாட்டுக் காசின் கதை தெரிந்தவர்கள் கேட்டால் இன்னும் நன்றாகக் கேட்பார்கள். கணவன் கண்ணில் படாத சேமிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதைச் 'சேமிப்பு நாட்டம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்க முடியாது. பெண்தான் இதைக் கேட்க முடியும் என்று நான் சொல்லவில்லை. சென் ஆண்தான், காணாமல் போன பத்துக் கோடிப் பெண்களைப் பற்றி 1990ல் எழுதினார். ஆனால் ஒரு துறைக்குள் வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வீட்டு அனுபவத்தோடு வந்தால், சில கேள்விகள் யாருக்கும் தோன்றாமலே போகும்.

*

தமிழ்நாட்டில் நாங்கள் தேர்வு என்று சொல்வதை இலங்கை நண்பர்கள் தெரிவு என்பார்கள். எங்கள் தேர்வு பரீட்சையையும் குறிக்கும், அதனால் கொஞ்சம் பயம் கலந்த சொல். அவர்கள் தெரிவு, தெரிதல் என்பதோடு ஒட்டியது. கண்ணுக்குத் தெரிவதும், அறிவுக்குத் தெரிவதும், தெரிந்து எடுப்பதும் ஒரே வேர். வள்ளுவர் தெரிந்து செயல்வகை, தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று மூன்று அதிகாரங்களுக்குத் தலைப்பு வந்ததும் பொருட்பாலில்தான்.

இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை. சீட்டுக் கணக்கு எழுதும்போது மகளையும் பக்கத்தில் உட்காரவைக்கலாம். வரி வகுப்பைப் பற்றி அப்பாவும் அம்மாவும் பேசும்போது அவளும் இருக்கலாம். யாருக்கு மூன்று, யாருக்கு ஐந்து, ஏன் என்று அவள் கேட்கட்டும். பொருளியல் படித்த ஒரு பெண் நம் வட்டத்தில் இருந்தால், பொங்கல் விழாவில் பரிசு கொடுக்க அழைப்பதற்குப் பதிலாகப் பத்து நிமிடம் தன் வேலையைப் பற்றிப் பேச அழைக்கலாம். கணக்கில் இரண்டு என்ற மதிப்பெண்ணுக்கு வீட்டில் இழவு கொண்டாடாமல் இருக்கலாம்; ஜெர்மனியில் இரண்டு என்றால் 'நன்று' என்றுதான் பொருள்.

இத்தனைக்கும் பிறகு அவள், "இல்லை, எனக்கு உயிரியல்தான்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். அப்போது "அவள் விருப்பம்தான்" என்ற வாக்கியத்தை யார் கேட்டாலும் கூசாமல் சொல்லலாம்.